மண் தரையா, டர்ஃபா? பந்தாடும் பிள்ளைகளின் கால்களைப் பற்றி

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் எலும்பு மூட்டுப் புறநோயாளிப் பிரிவுக்கு நொண்டியபடி வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. உடன் வரும் பெற்றோர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கின்றனர். "டாக்டர், அந்தப் பச்சைத் தரையில் ஆடியதால்தான் இப்படி ஆயிற்றா? இனிமேல் டர்ஃபுக்கு அனுப்பலாமா, கூடாதா?"

சென்ற தலைமுறைக்கு இக்கேள்வி எழுந்ததில்லை. பள்ளி மைதானம், கல்லூரி மைதானம், நீர் வற்றிய ஏரியின் உட்பகுதி என்று எங்கு ஆடினாலும் மண் தரைதான். இன்றோ சுற்றிலும் வலை கட்டி, இரவில் விளக்கெரிய, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் டர்ஃப் மைதானங்கள் தமிழகத்தின் சிறு நகரங்கள் வரை வந்துவிட்டன. நண்பர்கள் பத்துப் பேர் பணம் போட்டு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றனர். பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம் கிடைத்தது என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆயினும் பெற்றோரின் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

செயற்கைத் தரையின் கதை கால்பந்தில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் கூரையுடன் கூடிய ஒரு பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டது. கண்ணாடி போன்ற கூரை வழியே வந்த வெயிலின் கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்கு வண்ணம் பூசினர். வெளிச்சமின்றி உள்ளே இருந்த புல் கருகியது. மறு ஆண்டே நைலான் விரிப்பொன்று அங்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்துக் கால்பந்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் 1981இல் அத்தகைய தரையை அமைத்தது. கடினமான அடித்தளத்தின் மேல் மெல்லிய விரிப்பு; விழுந்தால் தோல் உரியும். கால் பெருவிரல் மூட்டில் ஏற்படும் ஒருவகைக் காயத்துக்கு 1976இல் அமெரிக்க மருத்துவர்கள் 'டர்ஃப் டோ' என்றே பெயரிட்டனர்.

இன்று நம் பிள்ளைகள் ஆடுவது அந்தத் தரை அன்று. நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பிளாஸ்டிக் இழைகள், அவற்றின் அடியில் மணல், மேலே பழைய டயர்களை அரைத்து எடுத்த ரப்பர் துகள்கள் என்பது இதன் அமைப்பு. ரப்பர் துகள்கள் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். (ஹாக்கித் தரை வேறு வகை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியதை நம் வாசகர்களில் மூத்தோர் அறிவர். அதில் தண்ணீர் தெளித்து ஆடுவார்கள். அந்த அனுபவத்தை இதற்குப் பொருத்திப் பார்க்க இயலாது.)

இப்புதிய தரையில் காயங்கள் கூடுகின்றனவா? 2006இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஐரோப்பாவின் முதல்நிலைக் கழகங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மொத்தக் காயங்களின் அளவில் புல்லுக்கும் செயற்கைத் தரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கணுக்கால் சுளுக்கு மட்டும் 1,000 ஆட்ட மணி நேரத்துக்குப் புல்லில் 2.66 ஆகவும், செயற்கைத் தரையில் 4.83 ஆகவும் இருந்தது. அதன் பின் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2023இல் எழுதிய கட்டுரை, கால்பந்தில் மொத்தக் காயங்கள் செயற்கைத் தரையில் சற்றுக் குறைவு என்றே சொல்கிறது. மறுபுறம், அமெரிக்கக் கால்பந்தில் 2012 முதல் 2016 வரையிலான ஐந்து பருவங்களை ஆராய்ந்தவர்கள் செயற்கைத் தரையில் கால் காயங்கள் 16 விழுக்காடு மிகுதி எனக் கண்டனர். அது முட்டி மோதும் வேறோர் ஆட்டம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆட்டக்காரர்களைக் கேட்டால் பெரும்பாலோர் புல்லையே கேட்பார்கள். 2015 மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் அனைத்தும் கனடாவில் செயற்கைத் தரையில் நடந்தன. அதை எதிர்த்து முன்னணி வீராங்கனைகள் முந்தைய ஆண்டே சட்டப்படி முறையிட்டிருந்தனர். கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் இருந்த செயற்கைத் தரை, 2017இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கு முன்னரே அகற்றப்பட்டுப் புல் வளர்க்கப்பட்டது.

காரணம் எளியது. ஓடிக்கொண்டிருப்பவர் சட்டெனத் திரும்பும்போது காலணியின் அடிக்குமிழ்கள் தரையைப் பற்றுகின்றன. புல் தரையில் பிடி அளவுக்கு மிஞ்சினால் புல்லும் மண்ணும் பெயர்ந்துவிடும். தரை தோற்றுக் கால் பிழைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழை பெயர்வதில்லை. பாதம் தரையில் நின்றுவிட, உடல் மட்டும் திரும்புகிறது. அந்த முறுக்கு முழுவதையும் கணுக்காலோ முழங்காலோ வாங்கிக்கொள்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை நினைவூட்ட வேண்டும். மேலை நாட்டு ஆய்வுகள் செயற்கைத் தரையை ஒப்பிட்டது நீர் பாய்ச்சி, நறுக்கி, நாள்தோறும் பேணப்படும் புல்லோடு. நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய புல் எங்கே கிடைக்கிறது? அவனுக்கு முன்னுள்ள தேர்வு டர்ஃபா, கட்டாந்தரையா என்பதுதான். கட்டாந்தரையில் குழியும் சரளைக்கல்லும் நெருஞ்சி முள்ளும் உண்டு. குழியில் கால் இடறிக் கணுக்கால் பிசகி வருவோரும், இறுகிய தரையில் நாள்தோறும் ஓடி முன்னங்கால் எலும்பு வலியுடன் வருவோரும் எங்களிடம் குறைவில்லை. சமமாகப் பரப்பி, ரப்பர் துகள் குறையாமல் பார்த்துக்கொள்ளும் டர்ஃப், குழி விழுந்த மண் தரையைவிட நல்லது என்றே நாங்கள் கருதுகிறோம். இழைகள் படுத்து, துகள்கள் போய், இணைப்புகள் பிரிந்து நிற்கும் டர்ஃப் அப்படியன்று. ஆடுமுன் ஒருமுறை நடந்து பார்த்தால் வேறுபாடு காலுக்கே தெரியும்.

தரையைவிடக் காலணியே எங்களுக்குக் கவலை தருகிறது. வெறுங்காலுடன் ஆடுவோர் ஒருபுறம். நீண்ட குமிழ்கள் கொண்ட பூட்ஸை அணிவோர் மறுபுறம். நீண்ட குமிழ் ஈரமான, மென்மையான புல்லுக்காகச் செய்யப்பட்டது. செயற்கைத் தரைக்குக் குட்டையான, எண்ணிக்கையில் மிகுந்த குமிழ்கள் கொண்ட காலணியே ஏற்றது. கடையில் 'டர்ஃப் ஷூ' என்று கேட்டாலே தருவார்கள்.

வெப்பத்தைப் பற்றி நம் ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலால் வலம் வருவோர், வெயில் ஏறிய பின் தார்ச்சாலையை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கி நடப்பதை நாள்தோறும் காண்கிறோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ப்ரிகம் யங் பல்கலைக்கழகத்தார் 2002இல் இதையே அளந்து பார்த்தனர். காலை 7 முதல் மாலை 7 வரையிலான சராசரியில் நீர் பாய்ச்சிய புல் 26 டிகிரி செல்சியஸ், வெறும் மண் 37, தார் 43, செயற்கைத் தரை 47. உச்ச அளவாகச் செயற்கைத் தரை 93 டிகிரியைத் தொட்டது. தாரைவிடவும் சூடு! சித்திரை, வைகாசி மாதங்களில் முற்பகல் பத்து மணிக்கு மேல் மாலை வரை டர்ஃபில் பிள்ளைகளை ஆடவிட வேண்டாம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பேரப்பிள்ளைகளுடன் அதில் வெறுங்காலுடன் இறங்கவே கூடாது. கொப்புளம் வந்ததும் தெரியாது. கிரிவலம் செல்லும்போதும் அவர்களுக்கு இதுவே பொருந்தும்.

இனிச் சுளுக்கு. கணுக்கால் பிசகியதும் நம் வீடுகளில் முதலில் நடப்பது எண்ணெய் தடவி உருவிவிடுவது. பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால் கிழிந்த தசைநாரை அழுத்தி உருவினால் உள்ளே இரத்தக் கசிவு கூடும், வீக்கம் பெருகும். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு உருவுதலும் வேண்டாம், சூட்டு ஒத்தடமும் வேண்டாம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தெடுத்து, காலை உயர்த்தி வைத்து, மீள்நெகிழ்வுத் துணியால் இதமாகக் கட்டினால் போதும். எலும்பு முறிந்திருக்குமோ என்ற ஐயத்துக்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த எளிய சோதனை உண்டு. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். அடிபட்டவுடனும் பின்னரும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிப்புற நடுவிலோ உட்புற வளைவின் மேலோ எலும்பில் வலி இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். இல்லையெனில் பெரும்பாலும் தேவைப்படாது.

முழங்கால் காயம் இதனினும் கடுமையானது. எங்களிடம் வந்த கல்லூரி மாணவர் ஒருவரின் அனுபவத்தை, அவருடைய இசைவுடன், அடையாளம் தவிர்த்து இங்கே எழுதுகிறோம். டர்ஃபில் பந்தைத் தடுக்கத் திரும்பியபோது, எவரும் மோதாமலே, முழங்காலுக்குள் 'டப்' என்ற ஓசை கேட்டது. அன்றிரவே முழங்கால் பூசணி போல் வீங்கியது. ஊரில் ஓரிடத்தில் உருவிக் கட்டுப் போட்டனர். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, நடக்க முடிந்தது. குணமாகிவிட்டதாகவே அவரும் வீட்டாரும் நம்பினர். காவலர் தேர்வுக்குத் தயாராகி வந்தவர் அவர். 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்ற நெருக்கடியில் மீண்டும் பயிற்சியைத் தொடங்கினார். ஓட்டத்தில் தொல்லையில்லை, ஆட்டத்தில் திரும்பும்போதெல்லாம் முழங்கால் மடங்கிக் கீழே விட்டது. மூன்றாம் முறை விழுந்தபோது முழங்காலை நீட்ட முடியாமல் எங்களிடம் வந்தார்.

எம்.ஆர்.ஐ. படத்தில் முன் குறுக்குத் தசைநார் முழுதும் அறுந்திருந்தது. அதை நாங்கள் எதிர்பார்த்தோம். வருந்தச் செய்தது, மூட்டின் நடுவே மெத்தை போல் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பும் கிழிந்து மடங்கிச் சிக்கியிருந்ததுதான். தளர்ந்த முழங்கால் ஒவ்வொரு முறை நழுவும்போதும் அது நசுங்கியிருக்கிறது. "அந்த டர்ஃபுக்குப் போகாமல் இருந்திருக்கலாம்" என்று அவர் தந்தையார் பலமுறை சொன்னார். உண்மையில் மகன் இரண்டாவதும் மூன்றாவதுமாக விழுந்தது கல்லூரியின் மண் தரையில். முதல் வாரமே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மாணவர் கேட்டார். தசைநாருக்கு அறுவை சிகிச்சை அப்போதும் தேவைப்பட்டிருக்கலாம். குருத்தெலும்பு பெரும்பாலும் தப்பியிருக்கும் என்று மறைக்காமல் கூறினோம். மீண்டும் ஆடக் குறைந்தது ஒன்பது மாதம். அவ்வாண்டுத் தேர்வு அவருக்குத் தவறியது. இப்போது எங்கள் இயன்முறை மருத்துவரிடம் ஒழுங்காகப் பயிற்சி செய்து வருகிறார்.

ஓசை, சில மணி நேரத்துக்குள் வீக்கம், பின்னர் திரும்பும்போது கால் நழுவுவது போன்ற உணர்வு ஆகிய மூன்றையும் நினைவில் வையுங்கள். வீக்கம் வடிந்தது என்பது தசைநார் கூடியது என்று பொருள்படாது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தசைநார்க் காயம் ஆண்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாக நேர்கிறது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்ற பிறகு பந்தைக் கையிலெடுக்கும் சிறுமியர் கூடியிருப்பது நல்ல செய்தியே. அவர்களை ஆட வேண்டாம் என்று தடுப்பது மருந்தாகாது. 'பிபா 11+' எனப்படும் இருபது நிமிட ஆயத்தப் பயிற்சி இதற்கென்றே வகுக்கப்பட்டது. அதன் ஒரு வடிவத்தை நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள ஏறத்தாழ 1,900 சிறுமியரிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மெல்லோட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து முழங்காலை மடக்கி இறங்குதல் என எல்லாம் கருவியின்றிச் செய்யக்கூடியவை. ஒரு மணி நேர வாடகையில் இருபது நிமிடத்தை இதற்குச் செலவிடப் பிள்ளைகளுக்கு மனம் வராது என்பது எங்களுக்குத் தெரியும். வாயிலுக்கு வெளியே, முந்தைய குழு ஆடி முடிக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் செய்யச் சொல்லுங்கள்.

டர்ஃபில் சறுக்கி விழுந்தால் தோல் தேய்ந்து எரியும். இதைச் சிறு காயம் என்று விடக்கூடாது. 2003இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்க அணியில் ஐந்து வீரர்களுக்கு, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமித் தொற்று ஏற்பட்டது. எட்டுத் தொற்றுகளும் டர்ஃபில் தேய்ந்த இடங்களிலேயே தோன்றியிருந்தன. ஓடும் நீரில் சோப்பிட்டுத் துகள் போகக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் வைக்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட நாளைச் சரிபாருங்கள். துண்டைப் பலர் பகிர்ந்துகொள்வதும் கூடாது.

ரப்பர் துகளால் புற்றுநோய் வருமா என்றும் சிலர் கேட்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இத்துகள்களின் விற்பனையை எட்டாண்டு அவகாசத்துடன் தடை செய்தது உண்மை. நுண்பிளாஸ்டிக்காக அவை மண்ணிலும் நீரிலும் கலப்பதே அத்தடைக்குக் காரணம். ஆடி முடித்ததும் கைகால் கழுவி, காலணியை உதறிவிட்டு வீட்டுக்குள் வந்தால் போதும்.

பிள்ளைகளைப் பற்றியே எழுதிவிட்டோம். இரவு ஒன்பது மணிக்குக் கடையடைத்த பின் ஆடச் செல்லும் நாற்பது வயதுத் தந்தையருக்கும் ஒரு சொல்: குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்தது போல் தோன்றி, திரும்பிப் பார்த்தால் எவரும் இல்லையெனில், குதிகால் நாண் அறுந்திருக்கக்கூடும். விந்தியாவது நடக்க முடிகிறதே என்று வீட்டுக்குப் போய்விடாமல் அன்றே வாருங்கள். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் அதற்கும் காத்திருக்கலாகாது.

காயத்துக்காக எங்களிடம் வரும்போது, அன்று அணிந்திருந்த காலணியையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எந்தத் தரையில், எப்படித் திரும்பும்போது அடிபட்டது என்று பிள்ளையையே சொல்லவிடுங்கள்.