எந்தக் கொசு என்று முதலில் சொல்லுங்கள்!

மலருக்குக் கொசுவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "வேற சப்ஜெக்டே கிடைக்கலையா மச்சி?" என்று சிரித்தார்கள் வகுப்பு நண்பர்கள். சிரிக்கட்டும்! நம் முத்தாபுதுப்பேட்டையில் கொசுக்கடி வாங்காதவர் யார்? ஆனால் கடித்தது எந்தக் கொசு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. புதிதாக ஒரு வைரஸ் ஊருக்குள் வந்தால் விஞ்ஞானிகள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அதுதான்.

மூன்று வகை

நம் பக்கம் நோய் பரப்பும் கொசுக்களில் முக்கியமானவை மூன்று வகை. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்தால் அது அனாஃபிலிஸ்; மலேரியாவைப் பரப்புவது இதுதான். பழுப்பு நிறத்தில், ராத்திரி தூங்க விடாமல் காதருகே பாடுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ். சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் யானைக்கால் நோயைப் பரப்பும். நெல்வயலில் வளரும் அதன் சொந்தக்காரி ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும். கருப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம், பட்டப்பகலில் கடி என்றால் ஏடிஸ். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றுக்கும் இதுவே வாகனம்.

ஏடிஸிலும் நாம் கவனிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். முதுகில் யாழ் போல வளைந்த வெள்ளைக் கோடுகள் இருந்தால் எஜிப்தி. நடுமுதுகில் நேராக ஒரே ஒரு வெள்ளைக் கோடு என்றால் ஆல்போபிக்டஸ், அதாவது புலிக்கொசு. ஒரு பூதக்கண்ணாடி போதும், நீங்களே சொல்லிவிடலாம்.

புழுவிலேயே கூடக் கண்டுபிடிக்கலாம். வீட்டுத் தண்ணீர் டிரம்மிலிருந்தும் தெருச் சாக்கடையிலிருந்தும் கொஞ்சம் புழுக்களை எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் விட்டுப் பார்த்தேன். இரண்டுமே தலைகீழாகத்தான் தொங்கின. ஆனால் சாக்கடைப் புழுவின் மூச்சுக்குழாய் நீளமாக, ஒல்லியாக இருந்தது. டிரம் புழுவுக்கு அது குட்டையாக, தடியாக இருந்தது. முன்னது க்யூலெக்ஸ், பின்னது ஏடிஸ். அனாஃபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாயே கிடையாது. தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடக்கும்.

ஒரு கோட்டில் என்ன இருக்கிறது?

முதுகுக் கோட்டைப் பார்ப்பது வேலையற்ற வேலை என்று நினைக்காதீர்கள். சிக்குன்குனியா 1963-ல் கல்கத்தாவிலும் 1964-ல் நம் சென்னையிலும் பரவியது. 1973-க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகத் தலைகாட்டவில்லை. 2005 கடைசியில் திரும்பி வந்து, 2006-ல் மட்டும் இந்தியாவில் 13 லட்சம் பேருக்கு மேல் அந்தக் காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. வீட்டு டிரம்மிலும் தொட்டியிலும் வளரும் எஜிப்திதான் இங்கே அதன் பழைய கூட்டாளி.

இதே காலத்தில் இந்துமாக்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்கு இந்நோய் வந்தது. அங்கே எஜிப்தி அபூர்வம், புலிக்கொசுதான் அதிகம். அப்படியானால் எப்படி இவ்வளவு வேகம்? வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில் 226-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்தச் சின்ன மாற்றம் புலிக்கொசுவின் உடம்பில் வைரஸை நன்றாகப் பெருக வைத்தது. 2007-ல் கேரளத்திலும் அதே மாற்றம் தென்பட்டது. அங்கே ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளில் தேங்கும் மழைத்தண்ணீர் புலிக்கொசுவுக்குத் தொட்டில்! டிரம்மை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதுமா, சொல்லுங்கள்? கொசு மாறினால் தேட வேண்டிய இடமும் மாறுகிறது.

வைரஸ் இருந்தால் குற்றவாளியா?

ஆய்வாளர்கள் கொசுக்களைப் பிடித்து, இனவாரியாகப் பிரித்து, சிறு சிறு தொகுதிகளாக பி.சி.ஆர். சோதனை செய்கிறார்கள். ஆனால் வைரஸ் கிடைத்ததும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. அது அப்போதுதான் நோயாளியிடம் குடித்த ரத்தமாகக்கூட இருக்கலாம். கொசுவின் குடலைத் தாண்டி, உடம்பில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்ந்தால்தான் வைரஸ் அடுத்தவருக்குப் போகும். டெங்குவுக்கு இந்தப் பயணம் சுமார் 8 முதல் 12 நாள். பல கொசு இனங்களின் உடம்பில் வைரஸ் குடலோடு நின்றுவிடும்.

நமக்கு என்ன வேலை?

நான் சிவில் மாணவன். கான்கிரீட் தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக் குறைந்தது 7 நாள் க்யூரிங் செய்யப் படிக்கிறோம். கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள். ஏடிஸ் முட்டை கொசுவாகப் பறக்க ஆகும் காலமும் ஏறக்குறைய 7 முதல் 10 நாள்தான்! நாளைக்கு நாம் சூபர்வைசராகப் போகும் சைட்டிலேயே கொசுவையும் சேர்த்து க்யூரிங் செய்வோமா? ஐந்தாம் நாள் பாத்தியை வடித்து மறுபடி நிரப்பலாம், அல்லது சாக்கு விரித்து நனைக்கலாம். லிஃப்ட் குழியிலும் சைட் டிரம்மிலும் வாரம் ஒருமுறை தண்ணீரை இறைத்துவிட வேண்டும்.

டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். சாயங்காலம் தெருவில் அடிக்கும் புகை அதை ஒன்றும் செய்யாது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் எஜிப்தியையும் எட்டுவது கஷ்டம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை பகலில் கொசு கடித்தால் அடித்ததும் தூக்கி எறியாதீர்கள். காலைப் பாருங்கள், முதுகைப் பாருங்கள். வெள்ளை வளையம் தெரிந்தால், அது பிறந்த தண்ணீர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் இருக்கும். தேடிப் போய் இறைத்து ஊற்றுங்கள்!