அழிய மறுக்கும் பைல்

பொதுச் சபைகளின் கணக்குகளும் அங்கத்தினர் ஜாபிதாக்களும் காகிதக் கட்டுகளை விட்டுக் கம்ப்யூட்டரில் குடியேறிப் பல வருஷங்களாகிவிட்டன. காகிதத்தைக் காப்பதில் நம்மவர்க்கு முன்பிருந்த சிரத்தை மட்டும் உடன் குடியேறவில்லை. சென்ற மாதம் ஒரு தாலுகா சபையின் காரியதரிசி நமது காரியாலயத்துக்கு வந்தார். கையில் ஒரு பென் டிரைவ். அதில் இருந்த ஒரு போல்டரின் பெயர் எந்தப் பாஷையிலும் சேராத கோணல் குறிகளாக இருந்தது. உள்ளே கண்ட பைல்களுக்கு 2098-ம் வருஷத்துத் தேதி. 16 ஜிகாபைட் மட்டுமே கொள்ளும் அந்தப் பென் டிரைவில் அந்த ஒரு போல்டர் மாத்திரம் 300 ஜிகாபைட் என்று காட்டிற்று. அழிக்கச் சொன்னால் யந்திரம் மறுத்தது. மூன்று நாள் போராடிப் பார்த்த பிறகு, கடைத்தெருவில் ரிப்பேர் செய்பவர் ஒருவர், “பார்மட் செய்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை” என்று யோசனை கூறியிருந்தார். காரியதரிசி நம்மிடம் நாடி வந்தது அந்த ஐந்து நிமிஷத்துக்கான சம்மதத்தையே. இரண்டு வருஷத்து வசூல் கணக்கும், அங்கத்தினர் விலாசங்கள் முழுவதும் அதே பென் டிரைவில் இருக்கின்றன என்பதும், அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது என்பதும் பேச்சுவாக்கிலேதான் வெளிவந்தன!

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நம் நாட்டில் ஒரு பேச்சு உண்டு. ஜனங்களிடம் அரையணா ஓரணாவாகப் பிரித்த காலம் போய் இன்று நூறும் ஆயிரமுமாகப் பிரித்தாலும், பொதுப்பணம் பொதுப்பணமே. அதற்குக் கணக்குக் காட்ட இயலாத சபையை எதிரிகள் திட்ட வேண்டியதில்லை. சொந்த அங்கத்தினரே கைவிடுவர். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதுவது அவசியமென்று கருதுகிறோம்.

பைலை அழிப்பதென்றால், எழுதியதைச் சுரண்டி எடுத்துவிடுவது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. டிஸ்க் என்பது பல லக்ஷம் சிறு கட்டங்களாக அளந்து பிரித்த நிலம் போன்றது. எந்தக் கட்டம் எந்தப் பைலுக்குரியது என்று காட்டும் பதிவுப் புஸ்தகம் ஒன்று அதே டிஸ்கில் ஓரிடத்தில் இருக்கிறது. கிராமக் கணக்குப்பிள்ளையின் அடங்கலை நினைத்துக் கொள்க. அழிக்கும் உத்தரவு பிறந்தால் நடப்பது இவ்வளவே: புஸ்தகத்தில் பெயரை அடித்துவிட்டு, அதற்குரிய கட்டங்களைத் தரிசு என்று குறிப்பது. பென் டிரைவ் முதலியவற்றில் பயிர், வேறொருவர் வந்து உழும் வரையில், பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே, அழிக்க முடியவில்லை என்று யந்திரம் கூறுமாயின், இந்தப் புஸ்தகத்தில் பேனா வைக்க அதற்கு ஏதோ தடை இருக்கிறதென்று பொருள். வழக்கு ஏன் தள்ளுபடியாயிற்று என்று தீர்ப்பைப் படிக்காமல் அப்பீல் போடுகிறவனும், தடை யாதென்று பாராமல் மீண்டும் மீண்டும் அழிக்கும் பொத்தானை அழுத்துகிறவனும் ஒரே ஜாதி.

தடைகளில் பெரும்பாலானவை சாமானியமானவை. பைல் வேறொரு புரோகிராமின் அனுபவத்தில் இருந்தால் விண்டோஸ் சாதாரணமாக அதை அழிக்கவிடாது. அப்புரோகிராமை மூடினாலோ, யந்திரத்தை ஒரு முறை நிறுத்தித் துவக்கினாலோ தீர்ந்தது. லினக்ஸில் இத்தொல்லை இல்லை. அங்கே பெயர் உடனே போய்விடும், கட்டங்கள் மட்டும் அந்தப் புரோகிராம் கைவிடும் வரை காத்திருக்கும். அதிகாரமற்றவர் அழிக்க முயன்றால் மறுப்பது நியாயமே. போல்டருக்குள் போல்டராக அடுக்கிக்கொண்டே போய் முழு விலாசமும் 260 எழுத்தை எட்டினால் விண்டோஸின் பழைய புரோகிராம்கள் திகைத்து நின்றுவிடும். மேலேயுள்ள போல்டர்களின் பெயரைச் சுருக்கினால் வழி பிறக்கும்.

பெயரைப் பற்றிய தடை ஒன்று தமிழர்க்கென்றே அமைந்தது போலிருப்பதால் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாம் பெரியோர்களை முதலெழுத்துக்களால் குறிக்கும் வழக்கமுடையோம். ‘வ.உ.சி.’ என்றும் ‘திரு.வி.க.’ என்றும் இறுதியில் புள்ளியோடு முடிப்போம். என்.டி.எப்.எஸ். முறையில் அமைந்த ஒரு டிஸ்கை லினக்ஸ் யந்திரத்தில் மாட்டி அப்பெயரால் ஒரு போல்டர் உண்டாக்கினால், அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படும். அதே டிஸ்கை விண்டோஸில் மாட்டினால் வருகிறது வினை. விண்டோஸ், பெயரின் கடைசிப் புள்ளியைத் தானாகவே வெட்டிவிட்டுத் தேடும். வெட்டிய பெயரில் ஒன்றும் இராது. கண்ணெதிரே போல்டர் நிற்க, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும்! டிஸ்க் கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. லினக்ஸ் யந்திரத்துக்கே திரும்பிப் போய்ப் புள்ளியை எடுத்துவிடலாம். அல்லது விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில், முழு விலாசத்துக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு கேள்விக்குறி, மறுபடி ஒரு பின்சாய்கோடு இட்டு எழுதினால், வெட்டாமல் உள்ளபடியே எடுத்துக்கொள்ளும்.

நிற்க. இவையெல்லாம் புஸ்தகம் சரியாக இருந்து, உத்தரவில் குறை இருக்கும் விஷயங்கள். காரியதரிசி கொண்டுவந்தது வேறு ஜாதி. அங்கே கெட்டுப்போனது புஸ்தகமே.

பென் டிரைவுகள் பெரும்பாலும் எப்.ஏ.டி. என்னும் முறையையோ அதன் வழிவந்த ஒன்றையோ கொண்டவை. அம்முறை 1977-ல் மைக்ரோசாப்டில் பிறந்தது, எளிமையானது, அதனாலேயே எங்கும் பரவியது. அதில் ஒவ்வொரு கட்டமும், தனக்கு அடுத்த கட்டம் எது என்று சங்கிலி போலக் காட்டிக்கொண்டு போகும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்கினாலும், மின்சாரம் நின்றாலும், சங்கிலி நடுவில் அறும். அல்லது கண்ட இடத்தில் போய்ச் சேரும். வேறு எழுத்துக்கள் கிடந்த கட்டத்தைப் போல்டரின் பட்டியல் என்று எண்ணி யந்திரம் வாசிக்கும்போதுதான் கோணல் பெயரும், மலை போன்ற அளவும் தோன்றுகின்றன. எப்.ஏ.டி. முறை 1980 முதல் 2107 வரை வருஷங்களை எழுத இடம் தருவதால், 2098 என்பது அதற்கு ஓர் அதிசயமாகத் தோன்றுவதில்லை.

பின்னால் வந்த முறைகள் இவ்வபாயத்தை உணர்ந்தவை. 1993-ல் வந்த என்.டி.எப்.எஸ்.ஸும், லினக்ஸில் 2001-ல் சேர்ந்த எக்ஸ்ட்3-ம், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாள்வழிக் குறிப்பில் எழுதிக்கொண்டு பிறகே பேரேட்டில் ஏற்றுகின்றன. நமது வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட முறைதான் இது. நடுவில் விளக்கணைந்தால் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டைச் சரி செய்யலாம். எனினும் அந்நாள்வழி பெரும்பாலும் காப்பது பதிவுப் புஸ்தகத்தையே; பைலின் உள்ளே எழுதியதை அன்று.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். புஸ்தகம் கெட்ட டிஸ்கில் ஒரே கட்டத்தை இரண்டு பைல்கள் தமதென்று உரிமை கொண்டாடுவது உண்டு. ஒரே சர்வே நம்பருக்கு இரண்டு பட்டா. இவ்விரண்டில் வேண்டாததொன்றை அழித்துவிட்டால் என்னவாகும்? அக்கட்டம் தரிசென்று எழுதப்படும். வேண்டிய பைல் இன்னும் அதில்தான் குடியிருக்கிறது. ஆனால் அடுத்த பைலை எழுத வரும் யந்திரம் அதைக் காலி மனையென்று கருதி உழுதுவிடும். குப்பை போல்டர் அன்றே அழிந்திருந்தால் வசூல் கணக்கின் ஒரு பகுதி அதனோடு போயிருக்கக்கூடும். மூன்று நாள் அந்த யந்திரம் செய்த மறுப்பைக் காரியதரிசி பிடிவாதம் என்றார். நாம் அதை உபகாரம் என்போம்.

விண்டோஸ் ‘பைலோ போல்டரோ சிதைந்துவிட்டது, வாசிக்க இயலவில்லை’ என்று சொல்லி, எட்டு இலக்கங்களில் 80070570 என்று முடியும் எண்ணைக் காட்டினால் நோய் இதுவே. லினக்ஸின் நடத்தை இன்னும் கண்டிப்பானது. புஸ்தகத்தில் தவறு கண்டதும் பல அமைப்புகளில் அந்த டிஸ்கை ‘வாசிக்க மட்டும்’ என்று பூட்டிவிடும். இதைக் கேவலம் அதிகாரக் குறைவென்று நினைத்து, பலாத்காரமாகப் பூட்டை உடைத்து எழுதப் புகும் சூரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

செய்யற்பாலது யாதெனில், முதலில் கையை எடுப்பது. அழிக்கவும் கூடாது, புதிதாக எழுதவும் கூடாது. வேறொரு நல்ல டிஸ்கில் வாசிக்கக் கூடியவற்றையெல்லாம் பிரதி செய்ய வேண்டும். டிஸ்க் தயங்கித் தயங்கி வாசித்தாலோ, சுழலும் டிஸ்கிலிருந்து டக் டக் என்ற சப்தம் வந்தாலோ, பைல் பைலாக எடுப்பதை விட்டு, முழு டிஸ்கையும் கட்டம் கட்டமாக ஒரே பிரதியாக எடுப்பது மேல். ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் இலவசக் கருவி வாசிக்க முடிந்த பாகத்தை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பாகத்துக்குப் பிறகு திரும்பி வரும். இங்கே தமிழில் பெயரிடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்கில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். எனவே 85 குறிக்கு மேல் நீண்ட பெயர் அங்கே ஏறாது. பெயரைச் சுருக்கி ஏற்றுக.

பிரதி கையில் வந்த பிறகே சிகிச்சை. விண்டோஸில் ‘செக் டிஸ்க்’ என்னும் கட்டளையை வெறுமனே கொடுத்தால் பரிசோதனை மட்டும் செய்யும். ‘எப்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் திருத்தும். ‘ஆர்’ சேர்த்தால் கெட்ட கட்டங்களையும் தேடும், பெரிய டிஸ்கானால் பல மணி நேரம் ஆகும். லினக்ஸில் ‘எப்.எஸ்.சி.கே.’, அதை டிஸ்கைக் கழற்றி வைத்த நிலையிலேயே செய்ய வேண்டும், உபயோகத்தில் இருக்கும்போது செய்தால் உள்ளதும் கெடும். இக்கருவிகள் புஸ்தகத்தை முரணின்றி ஆக்கித் தருபவை. நமது கணக்கு முழுமையாக இருக்கிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது. முரணைத் தீர்க்கும் பொருட்டுச் சிலவற்றை வெட்டியும் விடும். பிரதி முதலில் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. திருத்தம் முடிந்தபின் அழியாத போல்டர் தானே மறைந்திருக்கலாம், இல்லையேல் சாதாரணமாக அழியும். அழித்தும், கழற்றி மாட்டினால் பழைய பைல்கள் திரும்பவும் வந்து நிற்குமாயின், அந்தப் பென் டிரைவின் ஆயுள் முடிந்திருக்கக்கூடும். அதை நம்புவது தகாது.

தாலுகா சபையின் பென் டிரைவை முழுவதும் பிரதி எடுத்து, அப்பிரதியை வேறொன்றில் இறக்கித் திருத்தினோம். உரிமையாளர் இல்லாத சங்கிலிகளையெல்லாம் செக் டிஸ்க் ஒரு மறைவான போல்டரில் எண்ணிட்டு வைத்திருந்தது. அவற்றைத் திறந்து பார்த்ததில் வசூல் கணக்கு முழுதும் கிடைத்தது. அங்கத்தினர் ஜாபிதாவில் முற்பாதி சரியாக இருந்தது. பிற்பாதி இருக்க வேண்டிய கட்டங்களில் ஏதோ ஒரு பொதுக்கூட்டத்தின் புகைப்படம் குடியேறியிருந்தது. காரியதரிசியும் இரண்டு இளைஞர்களும் ரசீதுப் புஸ்தகங்களின் அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு மீதிப் பெயர்களை இப்பொழுது எழுதி வருகிறார்கள்.