ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்கிறதா? இயர்பட்ஸ் இரண்டையும் இணைப்பது எப்படி?

கம்ப்யூட்டரும் மொபைல் போனும் வாங்கியவர்கள் அடுத்து வாங்குவது பெரும்பாலும் வயர் இல்லாத இயர்பட்ஸ்தான். சில நாட்கள் இரண்டு காதிலும் அருமையாகப் பாடும். பின்னர் ஒரு நாள் வலது காதில் மட்டும் பாட்டு வரும். இடது பக்கம் சத்தமே இருக்காது. உடனே "ஒரு பட் போய்விட்டது" என்று முடிவு கட்டி, புதிதாக இன்னொரு ஜோடி வாங்குபவர்கள் பலர். சிலர் கேட்கிற பக்கத்தில் ஒலி அளவைக் கூட்டி வைத்துக் கொண்டு காலத்தை ஓட்டுவார்கள். முதல் வழியில் பணம் வீண். இரண்டாவது வழியில் காதுக்கே ஆபத்து. 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்பதே பாதுகாப்பானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒலி அளவு ஏற ஏற, இந்த நேரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், இத்தகைய நேரங்களில் பல முறை பட் கெட்டுப் போயிருப்பதே இல்லை. இரண்டு பட்களும் ஒன்றையொன்று மறந்திருக்கும், அவ்வளவுதான். வீட்டிலேயே, பைசா செலவில்லாமல் சரி செய்துவிடலாம். ஏன் மறக்கின்றன என்பதை முதலில் தெரிந்து கொண்டால், செய்ய வேண்டியவை எளிதாகப் புரியும்.

கோடை பண்பலையும் புளூடூத்தும்

மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டத்துக்காரர்களுக்குக் கோடை பண்பலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆகாசவாணியின் கொடைக்கானல் நிலையம், 100.5 மெகாஹெர்ட்ஸில், பழனி மலையின் உச்சியிலிருந்து ஒலிபரப்புகிறது. அங்கிருந்து கிளம்பும் அலையை, சமவெளியில் உள்ள எந்த ரேடியோவும் எடுத்துக் கொள்ளலாம். எந்த ரேடியோ கேட்கிறது என்பது நிலையத்திற்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

எப்.எம். ஒலிபரப்பில் ஸ்டீரியோ எப்படி வருகிறது? 1961ல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட முறை இது. இடது ஒலியையும் வலது ஒலியையும் கூட்டினால் வருவது ஒரு பகுதி. இடதிலிருந்து வலதைக் கழித்தால் வருவது மற்றொரு பகுதி. இரண்டும் ஒரே அலையில் ஏறி வருகின்றன. "இது ஸ்டீரியோ" என்று அடையாளம் காட்ட, காதுக்குப் புலப்படாதபடி 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு துணை ஒலியும் கூடவே வரும். ஸ்டீரியோ ரேடியோ இவற்றைப் பிரித்து இடதையும் வலதையும் தந்துவிடும். சாதாரண ரேடியோ முதல் பகுதியை மட்டும் ஒலிக்கச் செய்யும். எப்படியிருந்தாலும் பாட்டில் பாதி காணாமல் போகாது.

புளூடூத் இதற்கு நேர் எதிர். இங்கு போனும் கருவியும் கைகுலுக்கி, ரகசியக் குறியீடு ஒன்றைப் பரிமாறி, ஒன்றையொன்று நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். இதைத்தான் பேரிங் என்கிறோம். புளூடூத் அமைப்பு 1998ல் தொடங்கப்பட்டது. பாட்டு அனுப்புவதற்கான விதிகளை வகுத்தபோது, ஹெட்போன் என்பது ஒரே கருவி என்ற எண்ணத்தில்தான் வகுத்தார்கள். இரண்டு காதுகளுக்கும் இடையே வயர் இருந்ததால், போன் இரண்டு பக்க ஒலியையும் ஒரே கருவிக்கு அனுப்பினால் போதுமானதாக இருந்தது.

2016ல் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் வந்த பின்னர், வயர் இல்லாத இயர்பட்ஸ் பரவலாயின. இடையில் இருந்த வயர் போய்விட்டது. ஒரு கருவி, இரண்டு ரேடியோக்களாக மாறிவிட்டது. ஆனால் விதிகள் பழையவை. எனவே நிறுவனங்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தன. ஒரு பட் தலைவனாக இருந்து, போனிலிருந்து முழுப் பாட்டையும் வாங்கி, மற்றதற்குரிய பங்கை அதற்கு அனுப்பும். வேறு சில மாடல்களில், இரண்டாவது பட் போனுக்கும் தலைவனுக்கும் நடக்கும் பரிமாற்றத்தை ஒட்டுக் கேட்டுத் தன் பங்கை எடுத்துக் கொள்ளும். எந்த வழியானாலும், இரண்டு பட்களுக்கும் இடையே ஒரு தனி உறவு தேவை. அந்த உறவு அறுந்தால், போனில் "இணைக்கப்பட்டது" என்று காட்டும். ஆனால் ஒரு காதில் மட்டுமே பாட்டு வரும்.

முதலில் பாட்டையும் காதையும் சோதியுங்கள்

எதையும் மாற்றும் முன், இரண்டு சிறு சோதனைகளைச் செய்து விடுங்கள்.

முதலாவது பாட்டு. 1950களின் திரைப்பாடல்கள் மோனோ முறையில் பதிவானவை. இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரும். அது குறை அல்ல. சோதனைக்கு ஸ்டீரியோவில் பதிவான பாடல் வேண்டும். 1978ல் வெளிவந்த "பிரியா" படத்தின் பாடல்கள் அப்படிப்பட்டவை. இன்னும் தெளிவாக அறிய, யு டியூப் தளத்தில் இடது, வலது ஸ்பீக்கர்களைச் சோதிக்கும் வீடியோக்கள் உள்ளன. ஒன்றை இயக்கிப் பாருங்கள்.

இரண்டாவது காது. வத்தலக்குண்டில் பஸ் ஏறி, மலைப் பாதையில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்குப் போகும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து கொண்டே வரும். நடுக்காதின் அழுத்தம் உடனே சமமாகாவிட்டால் காது அடைத்துக் கொள்ளும். பல நேரங்களில் ஒரு காது முதலில் திறந்து, மற்றது அடைத்தபடியே இருக்கும். அப்போது ஒரு பட்டில் ஒலி குறைந்தது போலத் தோன்றும். எச்சில் விழுங்கிப் பாருங்கள், கொட்டாவி விடுங்கள். அதன் பின்னரும் சந்தேகம் என்றால், காதுக்குள் சரியாகப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, பட்களை ஒரு நிமிடம் மாற்றிப் பிடித்துக் கேளுங்கள். குறை பட்டுடன் இடம் மாறினால் பட்டில் கோளாறு. அதே காதிலேயே நின்றால் காதில் அடைப்பு. பல நாட்கள் நீடித்தால் டாக்டரிடம் காட்டவும்.

சார்ஜும் சுத்தமும்

இரண்டு பட்களையும் கேஸில் வைத்து மூடவும். இரண்டிலும் விளக்கு எரிகிறதா, போனில் இரண்டிற்கும் சார்ஜ் அளவு காட்டுகிறதா என்று பார்க்கவும். ஒன்று சார்ஜ் ஏறாமல் இருந்தால், அடியில் உள்ள சிறிய உலோகப் புள்ளிகளில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். உலர்ந்த பஞ்சினால் மெதுவாகத் துடைக்கவும். கேஸின் உள்ளே உள்ள ஊசிகளையும் துடைக்கவும். ஒலி வரும் வலையில் காதுக் குறும்பி அடைத்திருந்தால், மென்மையான உலர்ந்த பிரஷ் போதும். குண்டூசியால் குத்த வேண்டாம், வலை கிழிந்துவிடும்.

மலைப் பகுதியில் இருப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பனி மூட்டத்தில் நடந்து வந்ததும், ஈரத்துடன் பட்களை அப்படியே கேஸில் போட்டு மூடாதீர்கள். துடைத்து, சிறிது நேரம் உலர விட்டுப் பின்னர் வைக்கவும். அடுத்தது குளிர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கொடைக்கானலில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகும். லித்தியம் அயன் பேட்டரி குளிரில் முழுத் திறனைத் தராது. இரவு முழுக்க காரிலேயே கிடந்த இயர்பட்ஸில், பேட்டரி தளர்ந்த பட் முதலில் அணைந்துவிடும். வீட்டிற்குள் கொண்டு வந்து, சாதாரண வெப்பநிலைக்கு வந்த பின் சார்ஜ் செய்து பாருங்கள்.

மறக்கச் செய்து மீண்டும் இணைத்தல்

இதுதான் முக்கியமான பகுதி. வரிசை மாறாமல் செய்திடவும்.

1. போனில் செட்டிங்ஸ் சென்று, புளூடூத் பிரிவில், உங்கள் இயர்பட்ஸ் பெயரைத் தேர்ந்தெடுக்கவும். "பர்கெட்" அல்லது "அன்பேர்" என்பதைத் தட்டவும். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால், இரண்டையும் நீக்கவும்.

2. இதே இயர்பட்ஸை முன்பு இணைத்திருந்த லேப்டாப், டேப்லெட், பழைய போன் ஆகியவற்றில் புளூடூத்தை அணைத்து விடவும். இல்லாவிட்டால் பட்ஸ் அந்தக் கருவியுடன் சென்று ஒட்டிக் கொள்ளும்.

3. இரண்டு பட்களையும் கேஸில் வைத்து, மூடியைத் திறந்தபடி, கேஸில் உள்ள பட்டனைச் சுமார் 10 முதல் 15 விநாடிகள் அழுத்திப் பிடிக்கவும். விளக்கு நிறம் மாறும் அல்லது வேகமாகச் சிமிட்டும். பட்டன் இல்லாத மாடல்களில், இரண்டு பட்களின் தொடும் பகுதியையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். இது மாடலுக்கு மாடல் மாறும்; உடன் வந்த சிறு புத்தகத்தில் "ரீசெட்" என்ற பகுதியைப் பார்க்கவும்.

4. மூடியை மூடி, அரை நிமிடம் காத்திருக்கவும். பின் இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்கவும். இரண்டும் முதலில் ஒன்றையொன்று கண்டு கொள்ளட்டும். பல மாடல்களில், ஒன்றில் மட்டும் விளக்கு சிமிட்டிக் கொண்டு மற்றது அணைந்துவிடும். இது நல்ல அறிகுறி. தலைவன் யார் என்று முடிவாகிவிட்டது.

5. இப்போது போனின் புளூடூத் பட்டியலில் தெரியும் பெயரைத் தட்டவும். இடது, வலது என இரண்டு பெயர்கள் தெரிந்தால், இன்னும் அவை ஒன்று சேரவில்லை என்று பொருள். போனில் இணைக்காமல் மூன்றாம் படிக்குத் திரும்பவும். ஆனால் ஒரு பெயரைத் தட்டிய பின், போனே இரண்டாவது பட்டிற்கும் அனுமதி கேட்டால், சம்மதம் தரவும்.

வீட்டில் இருவர் ஒரே மாடல் வைத்திருந்தால் ஒரு விபத்து நடக்கும். உங்கள் இடது பட்டும் தம்பியின் வலது பட்டும் கேஸ் மாறிப் போயிருக்கும். அவை ஒன்றையொன்று அறியாதவை. எத்தனை முறை போனில் இணைத்தாலும் சேர்ந்து பாடாது. சுற்றுலாவில் ஒன்றைத் தொலைத்து, ஒற்றை பட் மட்டும் வாங்கியவர்களுக்கும் இதே நிலைதான். ஒரே மாடலாக இருந்தால், மேலே சொன்னபடி ரீசெட் செய்து சேர்த்து வைக்கலாம்.

செட்டிங்ஸில் ஒளிந்திருக்கும் காரணம்

இணைப்பு சரியாக இருந்தும் ஒரு பக்கம் ஒலி குறைந்தால், பேலன்ஸ் நகர்ந்திருக்கலாம். ஆண்ட்ராய்ட் போனிலும் ஐபோனிலும், செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பிரிவில், ஆடியோ சார்ந்த பகுதியில் இடது வலது பேலன்ஸ் கோடு இருக்கும். அதன் பொத்தானை நடுவில் நிறுத்தவும். அங்கேயே "மோனோ ஆடியோ" என்பதும் இருக்கும். ஸ்டீரியோ வேண்டும் என்றால் அதை அணைக்கவும்.

விண்டோஸ் 11ல், செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என வரிசையாகச் சென்று, இயர்பட்ஸ் பெயரில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் பக்கத்தில் இடது, வலது சேனல்களுக்குத் தனித்தனிக் கோடுகள் இருக்கும். இரண்டும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும்.

லேப்டாப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டு நன்றாக வரும். ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தவுடன் ஒலி தரம் குறைந்து, பழைய டெலிபோன் போல ஆகிவிடும். இயர்பட்ஸின் மைக் இயங்கத் தொடங்கியதும், வழக்கமான புளூடூத் இணைப்பு பேச்சுக்கான முறைக்கு மாறிவிடுகிறது. அதில் ஸ்டீரியோ கிடையாது. இதற்கு எளிய தீர்வு: வகுப்பு நடத்தும் புரோகிராமின் ஆடியோ செட்டிங்ஸில், மைக்காக லேப்டாப்பின் மைக்கையும், ஸ்பீக்கராக இயர்பட்ஸையும் தேர்ந்தெடுக்கவும்.

திறந்த வெளியில் விட்டு விட்டு வருகிறதா?

அறைக்குள் சரியாகப் பாடும் இயர்பட்ஸ், கோக்கர்ஸ் வாக் போன்ற திறந்த இடத்தில் ஒரு பக்கம் விட்டு விட்டு வரலாம். புளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸில், சில மில்லிவாட் சக்தியில் இயங்குகிறது. நம் உடலில் உள்ள தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் அலை மறுபக்கக் காதைச் சென்றடையும். ஒரு பக்கம் பள்ளத்தாக்கும் மேலே வானமும்தான் என்றால், பட்டுத் திரும்பச் சுவர் ஏது? போனைப் பேண்ட்டின் பின் பாக்கெட்டிலிருந்து சட்டைப் பாக்கெட்டிற்கு மாற்றுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு காது போதும் என்ற நேரம்

மலைச் சாலையில் நடக்கும்போது, இரண்டு காதையும் அடைத்துக் கொள்ளாதீர்கள். வளைவில் வரும் வண்டியின் ஹாரனும், கொடைக்கானல் தெருக்களில் உலவும் காட்டெருமையின் காலடியும் கேட்க வேண்டும். ஒரு பட் மட்டும் அணியும் நேரத்தில், முன்பு பார்த்த மோனோ ஆடியோவை இயக்கிக் கொண்டால், இரண்டு பக்க ஒலியும் கலந்து ஒரே காதில் வரும். ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும் இந்த வசதி பெரிய உதவி.

இனி வருவது

2020ல் அறிமுகமான புளூடூத் 5.2, எல்.இ. ஆடியோ என்ற புதிய முறைக்கு வழி வகுத்தது. இதில் போன், இடது பட்டிற்கும் வலது பட்டிற்கும் தனித்தனியே, நேரம் பிசகாமல் ஒலியை அனுப்பும். தலைவன், தொண்டன் என்ற பிரிவே தேவையில்லை. போன், இயர்பட்ஸ் இரண்டிலும் இந்த வசதி இருக்க வேண்டும். எனவே அடுத்த முறை வாங்கும்போது, பெட்டியில் எல்.இ. ஆடியோ என்று குறிப்பிடப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். இதன் ஒரு பகுதியான ஆராகாஸ்ட் முறையில், ஒரு கருவி ஒலிபரப்ப, அருகில் உள்ள எத்தனை இயர்பட்ஸ் வேண்டுமானாலும் கேட்கலாம். கோடை பண்பலை செய்து வருவதைப் போலத்தான்!

அதுவரை, இருக்கிற இயர்பட்ஸைத் தூக்கிப் போடும் முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காது, சார்ஜ், சுத்தம், ரீசெட், செட்டிங்ஸ் என்ற வரிசையில் சோதித்துப் பாருங்கள். இத்தனைக்குப் பின்னும், வேறொரு போனில் இணைத்தும், ஒரு பட் ஒலிக்கவில்லை என்றால்தான் அது உண்மையில் கெட்டிருக்கும். அப்போது வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள்.