கைப்பேசிக்குள் ஒரு தபால் பை

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஆவடியைத் தாண்டியதும் 'இந்துக் கல்லூரி' என்று ஒரு நிலையம் வரும். சேக்காட்டுக்காரர்கள் ஏறி இறங்கும் நிலையம் அது. அங்கிருந்து ஒரு மாணவி கல்லூரிக்குப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் நீங்களும் அப்படிப் புறப்படப் போகிறவர்கள்தாமே! கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்ததும் அவள் தன் கைப்பேசியை அங்குள்ள வைஃபையில் இணைக்கிறாள். சீனியர் அண்ணன் ஒருவர், "ஒரு வி.பி.என். ஆப் போட்டுக்கோம்மா, இலவசம்தான். அப்புறம் நீ என்ன பாக்கறேன்னு யாருக்குமே தெரியாது" என்கிறார். இது எவ்வளவு தூரம் உண்மை? பார்ப்போமா?

வைஃபை என்பது வானொலி அலைதான். வானொலிக்குக் கதவு கிடையாது. உங்கள் கைப்பேசி அனுப்பும் அலை, பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரின் கருவிக்கும் போய்ச் சேருகிறது. 'இது எனக்கு வந்ததல்ல' என்று அந்தக் கருவி அதைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. தள்ளிவிடாமல் எடுத்துப் படிக்கும் நிரல்களும் உண்டு. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க நிரலாளர் 'ஃபயர்ஷீப்' என்ற நிரலை வெளியிட்டார். கடவுச்சொல் இல்லாத வைஃபையில், அருகில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஓரிரு தட்டலில் நுழைந்துவிடலாம் என்று அது காட்டியது. திருடுவதற்காக அல்ல, ஓட்டையை எல்லோரும் பார்க்கட்டும் என்பதற்காக அவர் அதைச் செய்தார். பிறகு வந்த ஆண்டுகளில் பெரும்பாலான வலைத்தளங்கள் 'எச்.டி.டி.பி.எஸ்.' முறைக்கு மாறின. அதாவது, போஸ்ட் கார்டாகப் போய்க்கொண்டிருந்த செய்தி, ஒட்டிய உறைக்குள் போகத் தொடங்கியது.

ஆனால் உறையின் மேல் முகவரி இருக்கிறதல்லவா? உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது கல்லூரியின் வலையமைப்பை நிர்வகிப்பவருக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு போயிற்று என்பது தெரியும்.

இங்கேதான் வி.பி.என். வருகிறது. மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்று தமிழில் சொல்கிறார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, ரயிலில் தபால் போன விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் சேர்ந்த கடிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து ஆர்.எம்.எஸ். பெட்டியில் ஏற்றுவார்கள். பையின் மேல் ஒரே ஒரு ஊர்ப் பெயர்தான் இருக்கும். வழியில் பார்ப்பவருக்குப் பை தெரியும், உள்ளே இருக்கும் கடிதங்களின் முகவரி தெரியாது. கைப்பேசியில் உள்ள வி.பி.என். செயலியும் அனுப்ப வேண்டிய ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் முகவரியோடு சேர்த்துப் பூட்டி, வேறொரு பொட்டலத்துக்குள் வைக்கிறது. வெளியே எழுதியிருப்பது வி.பி.என். சேவையகத்தின் முகவரி மட்டுமே.

பூட்டு என்றால் சாவி வேண்டும். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் காற்றில் ஒரு சாவியை எப்படி ரகசியமாகப் பேசி முடிப்பது? 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள், நாமே போட்டுப் பார்க்கலாம். 2, 13 என்ற எண்கள் ஊருக்கே தெரியட்டும். மாணவி 4 என்ற எண்ணை மனதுக்குள் வைத்துக்கொள்கிறாள். 2இன் 4ஆம் அடுக்கு 16. அதை 13ஆல் வகுத்தால் மீதி 3. இந்த 3ஐ உரக்கச் சொல்கிறாள். சேவையகம் ரகசியமாக வைத்திருப்பது 5. 2இன் 5ஆம் அடுக்கு 32, மீதி 6. அது 6ஐ உரக்கச் சொல்கிறது. இப்போது அவள் 6ஐ 4ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறாள்: 1296, மீதி 9. சேவையகம் 3ஐ 5ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது: 243, மீதி 9. யாரும் வாய்விட்டுச் சொல்லாத 9 இருவர் கையிலும் இருக்கிறது! ஒட்டுக் கேட்டவருக்கு 2, 13, 3, 6 மட்டுமே தெரியும். இவ்வளவு சிறிய எண்களில் 9ஐக் கண்டுபிடித்துவிடலாம்தான். 'வயர்கார்டு' போன்ற இன்றைய வி.பி.என். முறைகள் இதே எண்ணத்தை வேறொரு கணிதத்தில், 77 இலக்கம் வரை நீளும் எண்களைக் கொண்டு செய்கின்றன.

கைப்பேசிக்கு இன்னொரு தொல்லை உண்டு. அது ஓரிடத்தில் நிற்காது. மாணவி வளாகத்தை விட்டு வெளியே வந்ததும் வைஃபை போய் மொபைல் டேட்டா வருகிறது. கைப்பேசியின் ஐ.பி. முகவரி மாறுகிறது. முகவரியை நம்பும் பழைய முறைகளில் இணைப்பு அறுந்துபோகும். வயர்கார்டு ஆளை முகவரியால் அல்ல, சாவியால் அடையாளம் காண்பதால், ரயில் ஓட ஓடத் தொடர்பும் ஓடுகிறது.

இனி அண்ணனிடம் திரும்புவோம். பை எங்கோ ஓரிடத்தில் பிரிக்கப்பட்டாக வேண்டும். பிரிப்பவர் எல்லா முகவரிகளையும் பார்ப்பார்.

சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் பையைப் பிரிப்பது நிறுவனமேதான். அந்த வி.பி.என். மறைப்பதற்காக ஏற்பட்டதன்று. ஆய்விதழ்களைப் பதிப்பிப்போர் பலர், கேட்பவரின் ஐ.பி. முகவரி கல்லூரியுடையதா என்று பார்த்தே கட்டுரையைத் திறந்துவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் மாணவி கல்லூரியின் வி.பி.என். வழியே போனால், அவள் வளாகத்திலேயே உட்கார்ந்திருப்பதாகப் பதிப்பகத்தின் கணினி கருதும். சேக்காட்டில் படுக்கையில் சாய்ந்தபடி ஆய்விதழ் படிக்கலாம்!

இலவச ஆப்பில் பிரிப்பவர் யார்? 'ஒனாவோ புரொடெக்ட்' என்ற வி.பி.என். செயலியை நடத்திய நிறுவனத்தை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது. உங்கள் தகவலைப் பாதுகாப்போம் என்றுதான் விளம்பரம். பயன்படுத்துவோர் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் திறக்கிறார்கள் என்ற விவரமோ ஃபேஸ்புக்கின் வணிக ஆராய்ச்சிக்குப் போயிற்று. 2018 ஆகஸ்டில் அது ஆப்பிள் கடையிலிருந்து நீக்கப்பட்டது, 2019இல் மூடப்பட்டது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.   ஒருவர் இரவு எத்தனை மணிக்கு எந்த மருத்துவத் தளத்தைத் தேடினார் என்பதை அறிய, உறையைப் பிரிக்கவா வேண்டும்?

வி.பி.என். இயங்கும்போது ஆண்ட்ராய்டு திரையின் மேல் ஓரத்தில் சிறிய சாவிப் படம் ஒன்று தெரியும். நீங்கள் எதையும் இயக்காதபோதே அது தெரிந்தால், அமைப்புகளுக்குள் போய் 'வி.பி.என்.' என்று தேடுங்கள். எந்தச் செயலி உங்கள் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது அங்கே பெயரோடு இருக்கும்.