பறக்காத ஓரி: சாகச நாயகத் தொடர்கள் பற்றி

ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் அரசு எடுக்கிற வல்வில் ஓரி விழா. செம்மேட்டில் ஓரி சிலைக்குக் கீழே ஸ்பைடர்மேன் பனியன் போட்ட பையன் ஒருத்தன் கேட்டான்: “இவரு பறப்பாரா தாத்தா?” “பறக்கமாட்டாருய்யா, அம்பு விடுவாரு” என்றார் பெரியவர். பையனுக்கு ஓரிமேல் இருந்த ஆர்வம் அத்தோடு போயிற்று.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் வலு என்பது என்ன, அது யாரிடம் இருக்கவேண்டும் என்று இன்றைக்குப் பிள்ளைகளுக்கு (நமக்கும்தான்) சொல்லித்தருபவை இந்தத் தொடர்கள் என்பதால் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது.

இவற்றின் இலக்கணம் எளிது. ஊர் ஆபத்தில் கிடக்கும். சனங்கள் கையாலாகாமல் அண்ணாந்து பார்ப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உடலில் மொத்த வலுவும் வந்து இறங்கும். 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடிய ‘சக்திமான்’ இதற்கு நல்ல உதாரணம். சூப்பர்மேனுக்கு வேற்றுக்கிரகம் தந்ததை முகேஷ் கன்னாவுக்கு யோகமும் சக்கரங்களும் தந்தன. மற்ற நேரத்தில் அவர் கங்காதர் என்கிற அசட்டுப் பத்திரிகைப் புகைப்படக்காரர். அந்தப் பிரதியில் தீமைக்குப் பெயர் ‘இருள்’. இருளுக்குச் சாதி கிடையாது, கூலி கிடையாது, நிலம் கிடையாது. தீமையை இப்படி வரலாற்றிலிருந்து உருவி எடுத்துவிட்டால் அதை எதிர்க்க அமைப்பு எதற்கு, ஓர் அவதாரம் போதுமே.

2019இல் அமேசான் பிரைமில் தொடங்கிய ‘தி பாய்ஸ்’ இந்த இலக்கணத்தைக் கட்டுடைக்கிறது. அங்கே சாகச நாயகர்கள் வாட் என்கிற கம்பெனியின் சரக்கு. அவர்களுடைய வலு கைக்குழந்தையாக இருக்கும்போதே ஊசியில் ஏற்றிய மருந்து. கொடியைப் போர்த்திக்கொண்டு ஹோம்லேண்டர் கொலை செய்ய, கூட்டம் ஆரவாரிக்கிறது. கூர்மையான விமர்சனம்தான். ஆனால் கம்பெனியைத் தோலுரிக்கிற கதையை நமக்கு விற்பதும் ஒரு மாபெரும் கம்பெனி. எதிர்ப்பையும் சந்தாவுக்குத் தருகிறார்கள். பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போகிறோம்.

தமிழில் வேறொரு தடமும் உண்டு. தூர்தர்ஷனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் பிள்ளை பெறவே அரசின் அனுமதி வேண்டும். காணாமல்போன கணவனைத் தேடி அலைகிற நிலாவுக்கு எந்த வரமும் இல்லை. துணைக்கு ஜீனோ என்கிற இயந்திர நாய். எல்லோரும் நடுங்குகிற ஜீவா கடைசியில் வெறும் ஒளிப்பிம்பம். அதிகாரம் என்பது நாம் நம்பி அண்ணாந்து பார்ப்பதால் நிற்கிற உருவம் என்று அந்தக் கதையை வாசிக்கலாம்.

இப்போது ஓரிக்கு வருவோம். புறநானூறு 152இல் வன்பரணர் காட்டும் வேட்டுவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்து உடும்பில் போய்த் தைக்கிறது. முகமூடி நாயகன் எதிரிக்காகப் பேரை மறைக்கிறான். இவனோ பாணர்கள் தன் பேரைச் சொல்லிப் பாடியதும் கூசிப்போகிறான். வேட்டைக் கறியும் மதுவும் பொன்னும் அவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் பாட்டு முடிகிறது. அங்கே வலு பங்கு வைப்பதில் போய் முடிகிறது.

உடனே “ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே நம்மகிட்ட சூப்பர்மேன் இருந்தான்” என்று கிளம்பிவிட வேண்டாம். ஓரியும் ஒரு தலைவன்தான், பாணர்கள் கையேந்தி நின்றவர்கள்தான். அவனைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தபோது காப்பாற்ற யாரும் பறந்து வரவில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையில் பாக்சைட் வெட்டியது 2008இல் நின்றபோதும் யாரும் பறந்து வரவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி எங்கே என்கிற கேள்விதான் அதை நிறுத்தியது. காகிதம், அலைச்சல், விடாப்பிடி: இவற்றைப் படம்பிடிக்கத் தொடர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தப் பையனிடம் சொல்லியிருக்கலாம்: ஓரி பறக்கமாட்டாரு, சரி. அந்தக் கறியை யாருக்குக் குடுத்தாருன்னு கேளுய்யா.