ஓடமும் வண்டியும்: துறைமுக மண்ணின் பழமொழிகள்

நாம் நாள்தோறும் எடுத்தாளும் பழமொழிகளின் பொருளை நின்று சிந்திப்பது அரிது. அவை எந்தத் தொழிலில், எந்த மண்ணில் பிறந்திருக்கக்கூடும் என வினவுவது அதனினும் அரிது. மகாவம்சம் குறிப்பிடும் கோகண்ண, இன்றைய திருகோணமலையே என்பது வரலாற்றாசிரியர் பலரது முடிபு. அத்தகைய தொன்மையான துறையைச் சூழ வாழும் நமக்கு, கடலையும் கலத்தையும் பற்றிய பழமொழிகள் வெறும் சொல்லலங்காரமல்ல. வாழ்ந்த வாழ்வின் சுருக்கங்களாகும்.

“ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்” என்கிறோம். செல்வமும் வறுமையும் மாறிமாறி வரும் என்பதே இதன் பொதுப்பொருள். எனினும் இது கண்ணால் கண்ட காட்சியிலிருந்து எழுந்ததாகும். புதிதாகக் கட்டப்பட்ட ஓடம் வண்டியிலேறி நீர்க்கரைக்கு வருகிறது. வந்த வண்டி பின்னொரு நாள் ஆற்றைக் கடக்க ஓடத்தை நாடுகிறது. தேரும் நாவாயும் தத்தமக்குரிய இடத்திலேயே இயங்கும் என்ற உவமை திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்தில் உண்டு. மக்கள் வழக்கோ ஒருபடி மேற்சென்று, தனக்குரிய இடத்தை விட்டு நீங்கியவரை மற்றவர் சுமக்க வேண்டும் என்கிறது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும் வரை, வாகனங்கள் பாதையில் ஏறி நீரைக் கடந்ததைக் கண்டோருக்கு இதற்கு உரை தேவையில்லை.

“ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்” என்பதும் துறையில் பிறந்த சொல்லே. இது நன்றி மறத்தலை இடித்துரைப்பது. நன்றி மறக்கச் சொல்வதன்று. ஒரே பாதையில் நிற்போருக்கு ஆபத்தும் ஒன்றே. 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தபோது, அவ்வுண்மையை மாவட்டம் முழுவதும் உணர்ந்தது.

“கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே” என்பதற்கு இருவகை விளக்கம் கூறுவர். கன்னம் என்பது திருடர் சுவரில் இடும் துளையையும் குறிக்குமாதலால், பொருளை இழந்தாலும் களவில் இறங்காதே என்பது ஒன்று. இழப்பை எண்ணிச் சோர்ந்து அமராதே என்பது மற்றொன்று. கன்னத்தில் கையூன்றி அமர்வதை இன்றும் நம் வீட்டுப் பெரியோர் கடிவதால், பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. “மானம் கப்பலேறிவிட்டது” என்பதோ, ஊருக்குள் அடங்கவேண்டிய பழி கடல் கடந்தும் பரவிவிட்டது என்பதாகும்.

இச்சொற்களின் வேர்களும் கவனத்திற்குரியவை. மாலுமி என்பது ஆசிரியரைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. சுக்கானும் அரபுச் சொல்லே. நங்கூரம், ‘லங்கர்’ என்ற பாரசீகச் சொல்லின் திரிபு என்பர். நம் கப்பலோ மலாய் மொழியில் ‘கபால்’ ஆயிற்று. “நங்கூரம் போட்டதுபோல் இருக்கிறான்” என நகையாடும் தமிழரும் முஸ்லிம்களும், பல நூற்றாண்டுகால வணிக உறவையே தம்மையறியாது நாவில் ஏந்துகின்றனர்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இரு சமூகத்தாரையும் வேறுபாடின்றித் தாக்கியது. 2006 இல் போரினால் மூதூர் முஸ்லிம்களும் சம்பூர்த் தமிழரும் ஊர் துறந்தனர். இன்று அடைக்கலம் தருபவர் நாளை அடைக்கலம் தேடுபவராகலாம் என்பதை இம்மண் ஏட்டில் படித்து அறியவில்லை, பட்டே அறிந்தது.

பாலங்கள் பெருகப் பெருக ஓடங்கள் மறைவது இயல்பு. அது வரவேற்கத்தக்கதும் ஆகும். ஆனால் ஓடத்தோடு அது கற்பித்த பாடமும் மறைந்துவிடலாகாது. மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரின் கரையோரங்களிலும் வாழும் முதியோரின் நாவில் எஞ்சியுள்ள கடல்வழக்குகளைப் பாடசாலை மாணவர் கேட்டு எழுதிவைப்பார்களாயின், அது இரு சமூகத்தாருக்கும் பொதுவான செல்வமாக நிலைக்கும்.