உஷார்! பட்டாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா?

முதலில் ஒரு வேலை. பீரோவைத் திறந்து பட்டாவை எடுத்துப் பெயரைப் படியுங்கள். உங்கள் பெயரா, அப்பா பெயரா, தாத்தா பெயரா? அவர் இறந்து எத்தனை வருடம் ஆகிறது?

இறந்தவர் பெயரிலேயே கிடக்கும் பட்டாக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ‘நாம்தானே உழுகிறோம், நாம்தானே தீர்வை கட்டுகிறோம், யார் வந்து கேட்கப்போகிறார்கள்?’ என்கிற தைரியம். கேட்பார்கள். பக்கத்தில் பைபாஸுக்குக் கல் நட்ட மறுநாளே கேட்பார்கள். கேட்பவர்களுக்குச் சட்டப்படி உரிமையும் இருக்கும். பங்கில் தகராறு என்று ஒரு வாரிசு மனு கொடுத்தால் போதும், நிலம் எடுப்புக்கான இழப்பீட்டுப் பணம் உங்கள் கைக்கு வராமல் கோர்ட்டுக்குப் போய்விடும். எத்தனை வருடம் அங்கே கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உயில் எழுதாமல் இறக்கும் விவசாயிக்குச் சட்டமே ஓர் உயிலை எழுதி வைத்திருக்கிறது. இந்துக்களுக்கு அது 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. ஆண் ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலத்தை அப்படியே விட்டுவிட்டு இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இல் அந்த உரிமை வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கிடைக்கவில்லை. 9.9.2005 முதல் நாடு முழுவதும் வந்த திருத்தத்தில் அந்த வேறுபாடும் போய்விட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் சொல்லிவிட்டது.

‘நகை போட்டோம், சீர் செய்தோம், கணக்கு முடிந்தது’ என்று சொல்லும் அண்ணன்மார்களுக்கு இது கசக்கும். ஆனால் போட்ட நகை பங்கைக் கழிக்காது. தங்கை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறாள் என்றால் அவள் நேரில் வந்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழில் அக்கா தங்கை பெயரை விட்டுவிட்டு, அதை வைத்துப் பட்டாவை மாற்றிக்கொள்கிற வேலையும் நடக்கிறது. அதைச் செய்பவர்கள் தங்கள் பிள்ளைகள் தலையில் ஒரு வழக்கைக் கட்டிவைக்கிறார்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே. பட்டாவில் தனிப்பெயர் வந்துவிட்டால் உடைமையும் தனக்கே வந்துவிட்டது என்று நம்புவது பெரிய ஏமாளித்தனம். நிலம் வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அண்ணன் தம்பி கையெழுத்தை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தாயின் பங்கு என்று சொன்னேன் அல்லவா? அதுதான் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத இடம். நாற்பது வயது விவசாயி ஒருவர், சொந்தமாகக் கிரயம் வாங்கிய 4 ஏக்கரை விட்டுவிட்டு விபத்தில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயில் இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மா, ஆளுக்கு ஓர் ஏக்கர். அம்மா விதவை. சில வருடத்தில் அவரும் உயில் இல்லாமல் காலமாகிறார். அவருக்கு இன்னும் இரண்டு மகன்கள், ஒரு மகள். அம்மாவின் ஓர் ஏக்கர் நான்காகப் பிரியும். இறந்த மகனின் பிள்ளைகளுக்கு 25 சென்ட், மற்ற மூவருக்கும் தலா 25 சென்ட். தன் கணவர் உழைத்து வாங்கிய பூமியில் 75 சென்ட் கொழுந்தன்மாருக்கும் நாத்தனாருக்கும் போவதை அந்தப் பெண் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்வாள். அதற்குள் கடனுக்காக நிலத்தை விற்கலாம் என்று பார்த்தால், பிள்ளைகள் மைனர். மைனர் பங்கை விற்க அம்மாவே ஆனாலும் கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி வாங்காமல் விற்றால், பிள்ளை மேஜர் ஆன பிறகு அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம். வெள்ளைத்தாளில் எழுதிய ஒரு பக்க உயில் இது அத்தனையையும் தடுத்திருக்கும். நாற்பது வயதில் யார் உயில் எழுதுவார்கள் என்று கேட்காதீர்கள். நிலம் வைத்திருப்பவர் எழுத வேண்டும்.

அடுத்து, கிணறு. எங்கள் குடும்பத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. பெரியப்பாமார்கள் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பாகம் பிரித்தபோது, கூர்ச்சீட்டில் நிலத்தை வரப்பு வரப்பாக எழுதினார்கள். கிணற்றுக்கு எழுதியது இரண்டே சொல்: ‘கிணறு பொது.’ யாருக்கு எத்தனை நாள் முறை, தூர் வாரினால் செலவு யாருக்கு, வாய்க்கால் யார் காட்டு வழியாகப் போகும், ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பிகள் இருந்தவரை வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. அடுத்த தலைமுறையில் ஒருவர் தன் பாகத்தை வெளியூர்க்காரருக்கு விற்றார். வந்தவர் வாய்க்காலை மூடினார், வண்டிப்பாதையில் கம்பி வேலி போட்டார். இலவச மின்சார சர்வீஸோ இறந்துபோன தாத்தா பெயரில். பெயர் மாற்ற எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவரோடொருவர் பேசுவதில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தும் தென்னை காய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லையோடு நிறுத்திவிடாதீர்கள். கிணற்று முறை, மோட்டார், சர்வீஸ் எண், பைப் லைன் போகும் வழி, பாதையின் அகலம், வரப்பு மரங்கள், களம் எல்லாம் எழுத்தில் ஏறட்டும். எழுதிய நான்கு மாதத்துக்குள் பதிவும் நடக்கட்டும். பதிவாகாத பாகப்பத்திரம் கோர்ட் வாசலில் உங்களைக் கைவிட்டுவிடும். பதிவோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாமல் சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்து, பட்டாவையும் தனியாக்கிக்கொள்ளுங்கள்.

பிரிக்காமல் கிடக்கும் நிலத்தைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் குடும்பத்தில் யாருக்குப் பணமுடை என்று புரோக்கருக்குத் தெரியும். ஒரே ஒரு வாரிசைப் பிடித்து அவருடைய பிரிபடாத பங்கை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குவார்கள். பிறகு அதை வைத்தே முழு நிலத்துக்கும் பாகப்பிரிவினை வழக்குப் போடுவார்கள். இங்கே உங்களுக்கு ஒரு கவசம் உண்டு. வாரிசாக ஒன்றாகச் சொத்தைப் பெற்றவர்களில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், அதை முதலில் வாங்கும் உரிமை மற்ற வாரிசுகளுக்கு இருக்கிறது. அது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆவது பிரிவு. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விலைப்பேச்சு காதில் விழுந்ததுமே வக்கீலைப் பாருங்கள். கிரயம் முடிந்து வேலி போட்ட பிறகு ஓடாதீர்கள்.

இனி, உயிலா செட்டில்மென்ட்டா? வயதான விவசாயிகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: உயிரோடு இருக்கும்போது எல்லாவற்றையும் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டுக் கையை விரித்து நிற்காதீர்கள். செட்டில்மென்ட் அன்றைக்கே உரிமையை மாற்றிவிடும். மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை நிறுத்திவைத்துக்கொண்டு எழுதுங்கள். சோறும் மருந்தும் கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். அப்போதுதான் 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க உங்களுக்குப் பலம் இருக்கும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டு சாட்சிகள் கட்டாயம். நாளைக்குக் கோர்ட்டில் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். நிலம் பெறப்போகிறவரையே சாட்சியாகப் போடாதீர்கள், சந்தேகத்துக்கு அதுவே விதை. ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் காரணத்தை ஒரு வரியாவது எழுதுங்கள். பூர்வீக நிலமாக இருந்தால் உங்கள் பங்குக்கு மட்டும்தான் உயில் செல்லும். எது பூர்வீகம், எது சொந்தம் என்பதை மூலப்பத்திரங்களோடு வக்கீலிடம் காட்டித் தெளிவாக்கிக்கொண்டு எழுதுங்கள். ‘பவர் எழுதி வைத்திருக்கிறேனே’ என்கிறீர்களா? எழுதிக் கொடுத்தவர் கண் மூடியதும் பொதுவாக அந்தப் பவரும் செத்துவிடும்.

இந்த வாரமே சிட்டா நகலும் வில்லங்கச் சான்றும் எடுங்கள். இறந்தவர் பெயர் இருந்தால் இறப்புச் சான்றிதழோடு தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போடுங்கள். மகள்கள் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் இன்னும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றால் அந்தப் பந்தி முடிந்ததும் பேச்சை எடுங்கள். அடுத்த விசேஷம் வரை தள்ளிப்போடாதீர்கள்.